பிடியரிசி டின்

இயேசு மரி சூசை துணை

ஈப்போ
12.3.1983, சனிக்கிழமை

அன்பு மகள் கெர்ட்ரூட்டுக்கு உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லி மாதாவிடம் கேட்டுவருகிறேன். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த படமும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. படத்தில் கோட்டு, தொப்பி, கழுத்துத்துணி எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறாய், மூக்கு மட்டும்தான் வெளியே தெரிகிறது. மூக்கு அம்மாவுடையது என்பதால் என் மகள்தான் என்று நம்பிக்கொண்டேன். இங்கிலாந்தில் பனி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே தினமும் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொள்கிறது, துணி காய்வதில்லை. மழைக்கு என் முழங்கால் பிடிக்கிறது, நீ அனுப்பிய தைலம் தேய்த்தால் விட்டுவிடுகிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. பின்பக்கம் நட்ட கருவேப்பிலை என் உயரத்துக்கு வந்துவிட்டது, பறிப்பதற்குத்தான் ஆள் இல்லை, நான் ஒருவன் எவ்வளவு கருவேப்பிலை தின்பேன். ஆஸ்பத்திரியில் நிற்கிற வேலை என்று வெறும் ரொட்டியும் தேத்தண்ணியுமாக ஓட்டாதே, சோறு பொங்கிச் சாப்பிடு. உனக்கு வருகிற ஜூன் மாதம் முப்பது வயது முடிகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள் என்று மட்டும் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாய், அப்பா உங்களுக்கு என்ன வேண்டும், பணம் கூட்டி அனுப்பட்டுமா, கோயிலிலிருந்து யாராவது வந்து பார்க்கிறார்களா என்று. நீ எனக்குத் தெரியாமல் சாமியாருக்கு, அப்பா தனியாக இருக்கிறார், யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினது இப்போது எனக்குத் தெரியும். கோபம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தால் இங்கே ஒரு காரியம் நடந்துபோய்விட்டது, அதை உனக்கு முழுக்கச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன், எனக்கு அதில் தீரவில்லை. உன்னிடம் சொன்னால்தான் தீரும் போல இருக்கிறது.

கிறிஸ்மசுக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லாத வீடு என்று சுவர் சொல்லக்கூடாது என்பதற்காக நானே அடித்தேன். நாற்காலி, மேசை, கட்டில், நீ வாங்கிக் கொடுத்த டிவி எல்லாவற்றையும் தூக்கிப் பக்கத்து வீட்டுச் சீனர் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துவிட்டு, கிழிந்த பனியனும் கைலியும் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் சுண்ணாம்பாக நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு பேர். ஒருவன் பெர்னார்ட், ரயில்வேயில் வேலை செய்கிற முப்பது வயதுப் பையன். இன்னொருவர் சவரியம்மா, அம்மா வயது இருக்கும். கோயிலில் ஏழை வீடுகளைப் போய்ப் பார்க்கிற சபை ஒன்று இருக்கிறதல்லவா, அவர்கள் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள், கையில் ஒரு பையோடு. அரிசி, சீனி, சார்டின் டின், பிஸ்கட். உன் கடிதத்தைச் சாமியார் அந்தச் சபையிடம் கொடுத்திருக்கிறார், அவர்களுக்குப் போய்ப் பார்ப்பது என்றால் பையோடு போய்ப் பார்ப்பதுதான். உள்ளே வந்தார்கள். வீட்டில் ஒரு பாய், ஒரு வாளி, சுவரில் அம்மாவின் படம், வேறு ஒன்றும் இல்லை. சவரியம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஐயோ, நான் அப்படி இல்லை, சாமானெல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கிறது, எனக்குச் சேமநிதி வந்தது, மகள் மாதம் தவறாமல் அனுப்புகிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பெர்னார்ட் படத்தைப் பார்த்து, இது யாரு அங்கிள், நம்ம அன்ட்டியா, எப்படித் தவறிட்டாங்க என்று கேட்டுவிட்டான்.

அம்மா போய் அன்றைக்குப் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீ நம்ப மாட்டாய். நாம் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் கூரை வரைக்கும் போகாது, அங்கே இருமினால் இங்கே கேட்கும், அம்மா அடுப்படியில் நின்றபடியே சுவருக்கு மேலாக மிளகாய் கேட்பாள், மிளகாய் சுவருக்கு மேலாகவே வரும். இந்தத் தாமான் குடியிருப்பில் சுவர் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, விடிந்தால் எல்லாரும் பேக்டரிக்கு ஓடுகிறார்கள், பொழுது சாய்ந்தால் களைத்து வந்து கதவை அடைக்கிறார்கள். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் நின்று தினம் நூற்றைம்பது பேரின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய மண்டோர் நான், கெர்ட்ரூட். இங்கே சில நாள் தபால்காரன் ஆம்புரோஸ் என்று கூப்பிட்டால்தான் என் பெயரே என் காதில் விழும். அன்றைக்கு அந்தப் பையன் கேட்டதும் நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் காய்ச்சலில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, அடக்கம், நீ விமானத்தில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது, அவள் நெற்றியில் நீ முத்தமிட முடியாமல் போனது, எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம். சவரியம்மா அழுதார். போகும்போது, வாற சனிக்கிழமை வாரோம்ண்ணே, நாலு மணிக்கு இருங்க என்றார். பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஏழை இல்லை என்று சொல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று மணிக்கே எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. அவர்கள் வந்து, நாற்காலியும் டிவியும் பார்த்து, சரி அங்கிள், உங்களுக்கு ஒன்றும் குறையில்லை என்று எழுந்து போய்விட்டால்? அப்பா என்ன செய்தேன் தெரியுமா. டிவியை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய் அம்மாவின் பழைய சேலையைப் போட்டு மூடினேன். நல்ல நாற்காலிகளையும் உள்ளே போட்டேன். ஐஸ் பெட்டியை நகர்த்த முடியவில்லை, அதனால் அவர்களைச் சமையல்கட்டுப் பக்கம் விடாமல் முன்னறையிலேயே வைத்துக்கொண்டேன். துரை வருகிறார் என்றால் தோட்டத்தில் எல்லாவற்றையும் துடைத்து முன்னால் எடுத்து வைப்போம், நான் அதைத் திருப்பிப் போட்டுச் செய்தேன். சனிக்கிழமைதோறும் இதே வேலை. தேத்தண்ணி கொடுத்தேன், ஆனால் பால் ஊற்றிக் கொடுத்தால் வேஷம் கலைந்துவிடும் என்று ஐஸ் பெட்டியில் பால் டின்னை வைத்துக்கொண்டே கட்டன் தேத்தண்ணியாகக் கொடுத்தேன். அடுத்த வாரம் சவரியம்மா, இது சபை குடுத்தது இல்லண்ணே, நான் வாங்கினது, பாலு ஊத்திக் குடிங்க என்று ஒரு பால் டின்னை நீட்டினார். அந்த டின் என் கையைச் சுட்டது. அப்படியும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர்கள் கொடுத்த பைகளில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை, எல்லாம் கட்டிலுக்கு அடியில் கட்டியபடியே இருந்தன. எனக்கு வேண்டியது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். யாரோ ஒருவர் எனக்காகச் சட்டையை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறி, என் வாசலில் நின்று அங்கிள் என்று கூப்பிடுவது. ஞாயிற்றுக்கிழமையே அடுத்த சனிக்கிழமையை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

தபசுகாலம் ஆரம்பித்த பிறகு, போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, மழைக்காக அவர்கள் கொஞ்ச நேரம் கூட இருந்தார்கள். பேச்சோடு பேச்சாகப் பெர்னார்ட், நம்ம சபையால பன்னெண்டு வீட்டத்தான் பாக்க முடியும் அங்கிள், உங்கள சேர்க்கிறதுக்கு ஒரு வீட்ட எடுக்க வேண்டியதாப் போச்சு, பாவம், கோப்பெங் போற ரோட்டுல ஈயக் குட்டை ஓரமா இருக்காங்கலா, நல்லம்மாள்னு, மூத்த பொண்ணு இப்பத்தான் பேக்டரிக்குப் போவுது என்றான். நல்லம்மாள் என்றதும், எந்தத் தோட்டத்து நல்லம்மாள் என்று கேட்டேன். சுங்கை சிப்புட் பக்கத்து நம் தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

உனக்கு அவளை நினைவிருக்கும், உனக்கு ஒரு தடவை பாம்பு கடித்துவிட்டது என்று எல்லாரும் பதறியபோது காலைப் பார்த்து, முள்ளு குத்தினதுக்கா இத்தன கூத்து என்று சிரித்தவள். என் கணக்கில், எனக்குக் கீழே, ரப்பர் மரம் வெட்டியவள். அவள் புருஷன் மாயாண்டி லாரியிலிருந்து விழுந்து செத்த வருஷம், மழைக்காலம், பால் வெட்டு இல்லை, லயமே அரைப்பட்டினி. அப்போது அம்மா ஞாயிறுதோறும் பிடியரிசி வாங்கப் போவாள் அல்லவா. உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஒரு டின்னில் போட்டு வைப்பது, ஞாயிற்றுக்கிழமை அம்மா பையோடு போய் வீடு வீடாக வாங்கி வருவது, அந்த வாரம் யார் வீட்டில் நோவோ சாவோ அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. வேதக்காரர்கள் வீட்டில் ஆரம்பித்த பழக்கம், பிறகு லயம் முழுக்கப் போட்டார்கள். அந்த ஞாயிறு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் பையை எடுத்துக்கொண்டு போனேன். நல்லம்மாள் வீட்டுக்கு முன்னால் வந்தபோது, இவளே மூன்று பிள்ளையோடு தவிக்கிறாள், இவளிடம் போய் எப்படிக் கேட்பது என்று இரக்கப்பட்டு அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் விடியற்காலை பெரட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் வந்து நின்று, ஏன் மண்டோரே, எங்க வூட்ட மட்டும் தாண்டிப் போனீங்க, நாங்க என்ன செத்தா போய்ட்டோம் என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். நல்லது நினைத்ததற்கு இதுவா கிடைத்தது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குதித்தேன். அம்மா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து, பையை என் கையில் கொடுத்து, போய் வாங்கிட்டு வாங்க என்றாள். போனேன். நல்லம்மாள் டின்னைக் கவிழ்த்துப் பையில் கொட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் முந்தின வாரம் கொடுத்த அரிசியில்தான் அவள் அந்தப் பிடிகளையும் எடுத்து வைத்திருந்தாள். அப்போது அது எனக்கு வீம்பாகத்தான் தெரிந்தது.

பெர்னார்ட் அவள் பெயரைச் சொன்னதும் நான் எழுந்து உள்ளறைக்குப் போனேன். டிவிமேல் கிடந்த சேலையை எடுத்துவிட்டு, இங்கே வாருங்கள் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன். டிவி, நாற்காலி, ஐஸ் பெட்டி, உள்ளே இருந்த பால் டின், கட்டிலுக்கு அடியில் இருந்த பைகள், ஒன்று விடாமல் காட்டினேன். பெர்னார்டுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சவரியம்மா அம்மாவின் சேலையைக் கையில் வாங்கி மடித்துக்கொண்டே, ஏண்ணே, மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா என்றார். சொன்னா நீங்க வரமாட்டீங்கம்மா என்றேன். அந்த அம்மா மடித்த சேலையை டிவிமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பெர்னார்ட், நாங்க சும்மாவும் வாரோம் அங்கிள், ஏன் வரமாட்டோம் என்று சொன்னான். அவன் நல்ல பையன், பொய் சொல்லவில்லை, ஆனால் பன்னிரண்டு வீடு இருக்கிறது, ரயில்வே வேலை இருக்கிறது. அன்றைக்கே என் பெயரை எடுத்துவிட்டார்கள். நல்லம்மாள் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள் என்று பூசையில் கேள்விப்பட்டேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் பைகளையெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஈயக் குட்டைப் பக்கம் போனேன். ஏறி மிதிக்க முடியவில்லை, பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். தகரம் அடித்த வீடு, ஆனால் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. நல்லம்மாளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, சாப்பாட்டுக் கடையில் மங்கு தட்டு கழுவுகிறாளாம், கையெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும், அடியாத்தே, நம்ம மண்டோரு என்று முந்தானையால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. இதெல்லாம் உனக்கு வர வேண்டியது, என் பேரில் தப்பாக வந்துவிட்டது, உன்னை எடுத்துவிட்டுச் சேர்த்த அந்தக் கிழவன் நான்தான் என்று நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள், திட்டினால் நல்லது என்று இருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். அட, நீங்கதானா அது, தப்பால்லாம் வரல மண்டோரே, யாருமே இல்லாத பெரியவரு ஒருத்தர் இருக்காரு, என்னா செய்யலாம்னு கேட்டாங்க, எனக்குப் பிள்ளைங்க இருக்கு, மூத்தவ சம்பாதிக்கிறா, அவருக்குக் குடுங்கன்னு நாந்தான் சொன்னேன் என்றாள். கெர்ட்ரூட், அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன். அவளிடமிருந்து நான் பறித்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன், அவள் எடுத்துக் கொடுத்ததைத்தான் நான் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்திருக்கிறேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், பால் ஊற்றித்தான் கொடுத்தாள். அம்மா தவறியதை அப்போதுதான் கேள்விப்பட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கிளம்பும்போது, இருங்க என்று சொல்லி, நான் கொண்டுபோன பை ஒன்றைப் பிரித்து, ஒரு பிடி அரிசி அள்ளி, ஒரு தாளில் பொட்டலம் கட்டி என் சட்டைப் பையில் வைத்து, வந்த வூட்ட சும்மா தாண்டிப் போவாதீங்க மண்டோரே என்றாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் பெரட்டில் அவள் எதற்காக என்னோடு சண்டை போட்டாள் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது விளங்கியது. அரிசி இல்லாததை அவள் பெரிதாக நினைக்கவில்லை, அது லயத்தில் எல்லாருக்கும் மாறி மாறி வருகிறதுதான். இந்த வீட்டில் கேட்க ஒன்றும் இல்லை என்று நான் முடிவு கட்டித் தாண்டிப் போனேனே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் இவ்வளவு நாள் தோட்டத்தில் இருந்தபோதுதான் ஏழையாக இருந்தோம், இப்போது இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குக் கல்வீடு, விசிறி, டிவி, வங்கியில் உன் பணம் எல்லாம் இருக்கிறது. ஆனால் என் வாசலில் நின்று, இருக்கா, கொஞ்சம் குடுங்க என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அதனால்தான் நான் வேஷம் போட்டேன், மகளே, அது முழுக்க வேஷமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொட்டலத்தை அம்மாவின் பழைய மைலோ டின்னில் கொட்டினேன். அன்று முதல் நானும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து அதில் போடுகிறேன். ஒரு ஆளுக்குப் பொங்குகிற சோறு, இரண்டு வேளைக்கு ஒரு தடவைதான் உலை, என்றாலும் டின் பாதிக்கு வந்துவிட்டது. இது நிறைந்ததும் நல்லம்மாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன், அவளும் வரச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அது நான் கொண்டுபோவது. என் வாசலுக்கு வந்து வாங்கிப் போக இன்னும் யாரும் வரவில்லை. போன சனிக்கிழமை நாலு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பழக்கம் விடவில்லை. இன்றைக்கும் சனிக்கிழமைதான். மணி நாலேகால். டிவியை முன்னறையிலேயே வைத்திருக்கிறேன், மூடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. யாருக்காகவும் காத்திருக்கக்கூடாது என்றுதான் இந்த நேரம் பார்த்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது வருஷமாக நீ எழுதுகிற எல்லாக் கடிதத்திலும் அப்பா உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாய். நல்ல பிள்ளை, வேறு எப்படிக் கேட்பாய். ஆனால் போன ஒன்பது வருஷத்தில் நீ என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அப்பாவிடம் என்ன இருக்கப்போகிறது என்று இரக்கப்பட்டு விட்டிருப்பாய், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒரு வாசலைத் தாண்டிப் போனேன். பணம் கூட்ட வேண்டாம், அனுப்புகிறதே மிச்சம். அம்மா இடிக்கிற கறித்தூளுக்கு மல்லி எத்தனை, மிளகாய் எத்தனை என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று வறுத்தவன் நான்தான். நெத்திலிக் கருவாடு சுத்தம் செய்து, காயவைத்து, டின்னில் அடைத்து அனுப்பத் தெரியும். கருவேப்பிலையை நிழலில் உலர்த்திக் கடிதத்துக்குள் வைக்கலாம். தபால் ஆபீசுக்கு நடந்து போய் வருவேன், காலுக்கும் நல்லது.

மாதா உன்னைக் கையைப் பிடித்து நடத்தட்டும். பாஸ்குத் திருநாளுக்குப் பூசை தவறவிடாதே, அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவழியாகத்தான் சளி பிடிக்கும். சவரியம்மா கொடுத்த பால் டின்னையும் நல்லம்மாளிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல மறந்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்காதே. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரு பிடி அரிசியாவது கேள், கெர்ட்ரூட்.

என்றும் உன் வரவையும் எழுத்தையும் பார்த்திருக்கும்
உன் அப்பா
த. ஆம்புரோஸ்